தப்பாக வந்த கடைசிக் கணக்கு: படிகத்தின் அதிர்வைக் கம்ப்யூட்டரில் தேடிய ஃபெர்மி

லேப்டாப்பை மடியில் வைத்து ஒரு மணி நேரம் வேலை பார்த்தால் தொடை சுட ஆரம்பித்துவிடும். நமக்கெல்லாம் பழகிப்போன விஷயம்தான். ஆனால் அந்தச் சூடு உண்மையில் என்ன என்று யோசித்திருக்கீங்களா?

உங்கள் லேப்டாப் சிப் ஒரு சிலிக்கான் படிகம். அதற்குள் அணுக்கள் ராணுவ அணிவகுப்பு போல வரிசையாக நிற்கின்றன. நிற்கின்றன என்று சொன்னாலும் அவை சும்மா நிற்பதில்லை. ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே இடைவிடாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டம்தான் சூடு. ஒரு மூலையில் ஆட்டம் கூடினால் பக்கத்து அணுவுக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. இப்படித்தான் சிப்பின் சூடு வெளியே வருகிறது.

இன்று இந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் சிமுலேஷனாக ஓட்டிப் பார்க்காமல் புதிய பேட்டரியோ, சிப்போ, உலோகக் கலவையோ உருவாவது அரிது. அந்த வேலையை முதன்முதலில் முயன்றவர்களில் ஒருவர், நீங்கள் வேறொரு காரணத்துக்காகக் கேள்விப்பட்டவர்: உலகின் முதல் அணு உலையைக் கட்டிய என்ரிகோ ஃபெர்மி.

சாவதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் போட்டுப் பார்த்த அந்தக் கணக்கு, எதிர்பார்த்தபடி வரவில்லை. இளம் வயதில் நிரூபித்துவிட்டதாக அவர் நம்பிய ஒன்றையே அது கேள்விக்குள்ளாக்கியது. அந்தக் கதைதான் இது.

பழைய புத்தகக் கடையில் கிடைத்த உலகம்

ஃபெர்மி 1901 செப்டம்பர் 29-ல் ரோம் நகரில் பிறந்தார். அப்பா ரயில்வே அமைச்சகத்தில் அதிகாரி. அம்மா பள்ளி ஆசிரியை. ஒரு அக்கா, ஒரு அண்ணன். அண்ணன் ஜூலியோ ஒரே வயது மூத்தவன். இருவரும் சேர்ந்து மோட்டார் செய்வது, விமானப் படம் வரைவது என்று ஒட்டியே வளர்ந்தார்கள்.

1915-ல் ஜூலியோவுக்குத் தொண்டையில் ஒரு கட்டி. சின்ன அறுவை சிகிச்சைதான் என்று அழைத்துப் போனார்கள். பையன் திரும்பி வரவில்லை. வீடே இருண்டுபோனது. பதிமூன்று வயது என்ரிகோ யாரிடமும் பேசாமல் புத்தகத்துக்குள் புகுந்துகொண்டான்.

ரோமில் கம்போ தே ஃபியோரி என்றொரு சந்தை. நம்ம ஊர் மூர் மார்க்கெட் மாதிரி அங்கேயும் பழைய புத்தகங்கள் கிடைக்கும். அங்கே அவன் வாங்கியது 1840-ல் வெளியான ஒரு இயற்பியல் நூல். எழுதியவர் ஒரு பாதிரியார். கிட்டத்தட்ட 900 பக்கம். அதைப் படித்து முடித்த பிறகும், அது லத்தீனில் இருக்கிறது என்பதைத் தம்பி கவனிக்கவே இல்லை என்று அக்கா மரியா பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அப்பாவின் சக ஊழியர் அடோல்ஃபோ அமிதெய் என்பவர் இந்தப் பையனின் பசியைக் கண்டுகொண்டார். கணிதப் புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் படிக்க வைத்தார். ஊரில் ஒரு நல்ல அண்ணாச்சி கிடைத்தால் ஒரு வாழ்க்கை எப்படித் திசை மாறும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

1918-ல், 17 வயதில், பீசா நகரின் ஸ்கூவோலா நோர்மாலே கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு. ஒலிகளின் தன்மைகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பள்ளி மாணவனிடம் எதிர்பார்ப்பது இரண்டு பக்கக் கட்டுரை. ஃபெர்மி என்ன செய்தார் தெரியுமா? அதிரும் ஒரு கம்பிக்கான வகைக்கெழுச் சமன்பாட்டை எழுதி, அதை ஃபூரியே முறையில் பிரித்துத் தீர்த்தே காட்டிவிட்டார். முனைவர் பட்டத்துக்கே போதும் என்கிற தரம். தேர்வாளர் தனியாக அழைத்துப் பேசிப் பார்த்துவிட்டு, இந்தப் பையன் அசாதாரணமானவன் என்ற முடிவுக்கு வந்தார்.

அதிரும் கம்பி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 36 வருடம் கழித்து அதே கம்பி திரும்பி வரப்போகிறது.

படிகமும் வீணைக் கம்பியும்

இங்கே கொஞ்சம் இயற்பியல் பேசிவிடலாம். பயப்படாதீங்க, சமன்பாடு எதுவும் கிடையாது.

ஒரு படிகத்தை எப்படிக் கற்பனை செய்வது? மணிகளை வரிசையாக வைத்து, அடுத்தடுத்த மணிகளை ஸ்பிரிங்கால் இணைத்துவிடுங்கள். மணிதான் அணு. ஸ்பிரிங்தான் அணுக்களுக்கு இடையேயான விசை. 1912-ல் மாக்ஸ் போர்னும் தியோடர் ஃபான் கார்மனும் இப்படித்தான் படிகத்தின் அதிர்வுக் கணக்கைத் தொடங்கி வைத்தார்கள்.

இந்த மணி வரிசை வீணைக் கம்பி மாதிரியே நடந்துகொள்ளும். கம்பி முழுதும் ஒரே வளைவாக ஆடலாம். அது முதல் வடிவம். நடுப்புள்ளி அசையாமல் இரண்டு வளைவாக ஆடலாம். அது இரண்டாவது. இப்படி மூன்று, நான்கு என்று போகும். எவ்வளவு சிக்கலான ஆட்டமாக இருந்தாலும் இந்த அடிப்படை வடிவங்களின் கலவையாகப் பிரித்துவிடலாம்.

இப்போது ஒரு சிக்கல். ஸ்பிரிங் அப்பழுக்கில்லாததாக, இழுத்த அளவுக்குச் சரியாக அதே விகிதத்தில் திருப்பி இழுப்பதாக இருந்தால், இந்த வடிவங்கள் ஒன்றோடொன்று பேசவே பேசாது. முதல் வடிவத்தில் ஆற்றலைக் கொடுத்தால் அது காலமெல்லாம் முதல் வடிவத்திலேயே கிடக்கும். அப்படி ஒரு படிகம் இருந்தால் அதில் சூடு எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். நிஜத்தில் எந்தப் படிகமும் அப்படி இல்லை.

ஏன் இல்லை? நிஜ அணுக்களின் ஸ்பிரிங் கொஞ்சம் கோணலானது. அதிகம் இழுத்தால் கணக்கு பிசகும். அந்தக் கோணல்தான் வடிவங்களை ஒன்றோடொன்று கலக்க வைக்கிறது, சூட்டுக்குத் தடை உண்டாக்குகிறது என்று 1914-ல் பீட்டர் டெபாய் சொன்னார். 1929-ல் ருடால்ஃப் பையர்ல்ஸ் அதை முழுக் கோட்பாடாக ஆக்கினார்.

இதற்கு அடியில் இன்னும் பெரிய நம்பிக்கை ஒன்று உண்டு. ஒரு டம்ளர் பாலில் டிகாக்‌ஷன் ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் முழுக்கக் கலந்து ஒரே நிறமாகிவிடும். ஆற்றலும் அப்படித்தான், எங்கே கொடுத்தாலும் கடைசியில் எல்லா வடிவங்களுக்கும் சமமாகப் பிரிந்துவிடும். வெப்ப இயற்பியல் முழுவதும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

இதை யாராவது நிரூபித்தார்களா? 1923-ல் ஒரு 21 வயது இத்தாலியர் முயன்றார். சாதாரணமான எந்த இயந்திர அமைப்பும், துளி கோணல் இருந்தால் போதும், காலப்போக்கில் எல்லா நிலைகளையும் சுற்றி வந்துவிடும் என்று ஒரு நிரூபணம் எழுதினார். அவர்தான் ஃபெர்மி. நிரூபணத்தில் ஒரு படி முழுமையாக இல்லை. ஆனால் பெரும்பாலான இயற்பியலாளர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. விஷயம் முடிந்தது என்று எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். ஃபெர்மியும் போய்விட்டார்.

போஸும் ஃபெர்மியும், ஒரு ஸ்டாக்ஹோம் பயணமும்

அதே 1923-ல் ஃபெர்மி ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்கு, மாக்ஸ் போர்னிடம் போனார். அங்கே அவருக்கு ஒட்டவே இல்லை. எல்லாம் தத்துவமும் கடினக் கணிதமுமாக இருந்தது. கையால் தொட்டு, தோராயமாக மதிப்பிட்டு, சட்டென்று விடைக்குப் போவதுதான் ஃபெர்மியின் பாணி. நேர்காணல்களில் இன்று கெஸ்டிமேட் கேள்வி கேட்கிறார்களே, ஒரு ஊரில் எத்தனை பியானோ பழுது பார்ப்பவர்கள் இருப்பார்கள் என்று? அந்த வகைக் கேள்விக்குப் பெயரே ஃபெர்மி கேள்விதான்.

1926-ல் அவர் செய்த வேலை அவரை உலகப் புகழ் ஆக்கியது. எலக்ட்ரான் போன்ற துகள்கள் ஒரே நிலையில் இரண்டு இருக்க முடியாது என்ற விதியை வைத்து அவற்றைக் கணக்கிடும் முறையைக் கண்டுபிடித்தார். இரண்டு வருடம் முன்பு டாக்காவில் இருந்து சத்யேந்திரநாத் போஸ் இன்னொரு வகைத் துகளுக்கான கணக்கு முறையை எழுதியிருந்தார். இன்று உலகில் உள்ள எல்லாத் துகள்களும் இரண்டே சாதிதான்: போஸான், ஃபெர்மியான். படிகத்தில் ஓடும் அதிர்வுத் துணுக்கு ஃபோனான் இருக்கிறதே, அது போஸ் கட்சி. அதே படிகத்தில் மின்சாரம் கொண்டு போகும் எலக்ட்ரான், ஃபெர்மி கட்சி.

1930-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்ரமணியன் சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பயணத்தின்போது ஃபெர்மியின் அந்தக் கணக்கு முறையை வைத்துத்தான், வெள்ளைக் குள்ள விண்மீனுக்கு ஓர் எடை வரம்பு உண்டு என்று கண்டார். அப்போது இருவரும் சந்தித்ததில்லை. பின்னாளில் சந்தித்தார்கள். அதற்கு வருவோம்.

ரோமில் ஃபெர்மி தன்னைச் சுற்றி ஓர் இளைஞர் கூட்டத்தைச் சேர்த்தார். 1934-ல் அவர்கள் கண்டது: நியூட்ரானின் வேகத்தைக் குறைத்தால் அது அணுக்கருவை இன்னும் எளிதாகத் தாக்கும். இந்த வேலைக்காக 1938-ல் நோபல் பரிசு.

அதே ஆண்டு முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரான சட்டங்களைக் கொண்டுவந்தது. ஃபெர்மியின் மனைவி லாரா யூதர். பரிசு வாங்கப் போன குடும்பம் இத்தாலிக்குத் திரும்பவில்லை. மனைவி, இரண்டு குழந்தைகளோடு 1939 ஜனவரி 2-ல் நியூயார்க்கில் இறங்கினார்.

அணு உலையும் அணுகுண்டும்

1942 டிசம்பர் 2. சிகாகோ பல்கலைக்கழக மைதானத்தின் பார்வையாளர் மேடைக்குக் கீழே ஒரு ஸ்குவாஷ் அரங்கு. அங்கே கிராஃபைட் கற்களும் யுரேனியமும் அடுக்கி ஃபெர்மி குழு கட்டிய உலை, மனிதன் தொடங்கி மனிதனே நிறுத்திய முதல் அணுத் தொடர்வினையை நடத்தியது. ஸ்லைடு ரூல் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் ஃபெர்மி முன்கூட்டியே கணக்கிட்டுச் சொன்னார். அப்படியே நடந்தது. பாதியில், எல்லோரும் பதற்றத்தில் இருக்கும்போது, மதியச் சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டார் என்றால் அவர் எவ்வளவு நிதானம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1945 ஜூலையில் முதல் அணுகுண்டுச் சோதனையின்போது, காகிதத் துண்டுகளைக் கீழே விட்டு, அதிர்வலை அவற்றை எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்று பார்த்தே குண்டின் பலத்தை மதிப்பிட்டார். 10 ஆயிரம் டன் வெடிமருந்துக்குச் சமம் என்று அவர் சொன்னார். நிஜம் அதன் இரு மடங்குக்கும் சற்று மேல். காகிதத் துண்டை வைத்துச் சொன்ன கணக்குக்கு இது மோசமில்லை.

ஆனால் இந்தக் கதையைச் சாமர்த்தியக் கதையாக மட்டும் சொல்லக்கூடாது. குண்டை எப்படிப் பயன்படுத்துவது என்று அரசுக்கு ஆலோசனை சொன்ன நான்கு விஞ்ஞானிகளில் ஃபெர்மியும் ஒருவர். நேரடியாகப் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்று அந்தக் குழு சொன்னது. பிறகு ஹிரோஷிமாவும் நாகசாகியும் நடந்தன. 1949-ல் ஹைட்ரஜன் குண்டு வேண்டாம் என்று எழுத்துமூலம் எதிர்த்தவரும் இதே ஃபெர்மிதான். முடிவு எடுக்கப்பட்ட பிறகு அதற்கான கணக்குகளுக்கு உதவியவரும் அவர்தான். இரண்டும் உண்மை.

5 கிலோபைட் நினைவகத்தில் ஒரு படிகம்

அந்த ஹைட்ரஜன் குண்டுக் கணக்குகளுக்காகக் கட்டிய இயந்திரம்தான் மேனியாக். லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1952-ல் ஓடத் தொடங்கியது. அறையை அடைத்துக்கொண்டு நின்ற வெற்றிடக் குழாய்கள். நினைவகம்? ஒவ்வொன்றும் 40 பிட் கொண்ட 1,024 சொற்கள். அதாவது 5 கிலோபைட். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு குட்மார்னிங் படம்கூட அதில் அடங்காது.

கோடை விடுமுறைகளில் ஃபெர்மி அங்கே வருவார். மற்றவர்களுக்கு மேனியாக் ஒரு பெரிய கூட்டல் இயந்திரம். ஃபெர்மிக்கு அது ஆய்வகம். காகிதத்தில் தீர்க்க முடியாத, சோதனைக்கூடத்தில் தொட்டுப் பார்க்கவும் முடியாத கேள்விகளை இதனிடம் கேட்கலாமே என்று நினைத்தார். கோட்பாடு, சோதனை என்ற இரண்டு வழிகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு வழி. இன்று நாம் சிமுலேஷன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவது அதைத்தான்.

என்ன கேட்பது? கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாமோடும், ஒரு காலத்தில் நியூயார்க்கில் போலீஸ்காரராக இருந்த இயற்பியலாளர் ஜான் பாஸ்டாவோடும் உட்கார்ந்து பேசி, எளிமையிலும் எளிமையான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மணிகள், ஸ்பிரிங்குகள், கோணல். ஒரே ஒரு வரிசை அணுக்கள் கொண்ட படிகம். பதினேழு வயதுப் பையனின் அதிரும் கம்பி, இப்போது துண்டு துண்டாக.

கம்ப்யூட்டர் இதை எப்படிச் செய்யும்? யோசனை மிக எளிது. ஒவ்வொரு மணியும் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இடப்பக்க, வலப்பக்க ஸ்பிரிங்குகள் அதை எவ்வளவு இழுக்கின்றன என்று கணக்கிட வேண்டும். அந்த விசையால் ஒரு சின்னஞ்சிறு நேரத்தில் எவ்வளவு நகரும் என்று கண்டு, நகர்த்த வேண்டும். பிறகு மறுபடி முதலில் இருந்து. இதையே பல்லாயிரம் தடவை. இன்று கோடிக்கணக்கான அணுக்களை வைத்து ஓட்டும் மாலிகுலர் டைனமிக்ஸ் மென்பொருளின் அடிப்படையும் இதேதான்.

அந்த யோசனையை மேனியாக்குக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றியவர் மேரி சிங்கோ. கிரேக்கப் பின்னணி கொண்ட குடும்பம். விஸ்கான்சினில் கணிதம் படித்தவர். கொரியப் போருக்கு இளைஞர்கள் போய்விட்டதால் ஆய்வகம் பெண் கணிதப் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்தது. அப்படி 1952-ல் வந்து, மேனியாக்கின் முதல் புரோகிராமர்களில் ஒருவரானார். அப்போது புரோகிராமிங் மொழி என்றெல்லாம் எதுவும் கிடையாது. இயந்திரத்தின் எண்களிலேயே எழுத வேண்டும்.

கலந்த காபி பிரிந்தது

சரி, ஓட்டிப் பார்த்தார்கள். 16, 32, 64 மணிகள் என்று வெவ்வேறு நீளங்களில். ஆற்றல் முழுவதையும் முதல் வடிவத்தில் மட்டும் கொடுத்தார்கள். ஸ்கிப்பிங் கயிறு போல ஒரே வளைவு. ஸ்பிரிங்கில் லேசான கோணல். அவ்வளவுதான்.

எதிர்பார்த்தது என்ன? ஆற்றல் மெல்லப் பரவி எல்லா வடிவங்களுக்கும் பிரிந்துவிடும். எவ்வளவு நேரத்தில் பிரியும் என்பதுதான் கேள்வி. பிரியுமா என்பது கேள்வியே இல்லை.

தொடக்கத்தில் அப்படித்தான் நடந்தது. முதல் வடிவத்திலிருந்து இரண்டாவதற்கு, மூன்றாவதற்கு, நான்காவதற்கு ஆற்றல் போனது. பிறகு அங்கேயே நின்றது. மேல் வடிவங்களுக்கு ஏறவே இல்லை. கீழே உள்ள ஒரு சில வடிவங்கள் தங்களுக்குள் பந்து விளையாடுவது போல ஆற்றலை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டன. 32 மணிகள் வைத்த ஓட்டத்தில், அடிப்படை அதிர்வு சுமார் 157 சுற்று முடிந்தபோது, ஆற்றலில் ஏறக்குறைய 97 சதவீதம் முதல் வடிவத்துக்கே திரும்பி வந்துவிட்டது.

நன்றாகக் கலந்த காபியை நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, டிகாக்‌ஷன் தனியாக, பால் தனியாகப் பிரிந்து வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

புரோகிராமில் பிழையா? இயந்திரக் கோளாறா? இல்லை. வெவ்வேறு கோணல்களை வைத்து ஓட்டினார்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நடத்தை.

உங்கள் நிலைமையில் வைத்து யோசித்துப் பாருங்கள். வேலையில் சேர்ந்த புதிதில் நீங்கள் எழுதிய ஒன்றின் மேல் முப்பது வருடமாக எல்லோரும் நம்பிக் கட்டியிருக்கிறார்கள். இப்போது நீங்களே ஒரு சோதனை ஓட்ட, அது ஒத்துவரவில்லை. நீங்கள் நோபல் பரிசு வாங்கியவர். உங்களைக் கேள்வி கேட்க யாரும் இல்லை. எண்களை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஃபெர்மி மகிழ்ந்தார். இது சின்னக் கண்டுபிடிப்புதான், ஆனால் கண்டுபிடிப்புதான் என்று அவர் கருதியதாக உலாம் பதிவு செய்திருக்கிறார். அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் புகழ்பெற்ற கிப்ஸ் சொற்பொழிவுக்கு அழைப்பு வந்திருந்தது. இதைப் பற்றித்தான் பேசப்போவதாக இருந்தார். பேச முடியவில்லை.

கடைசி இலையுதிர் காலம்

1954 கோடையில் ஃபெர்மி இத்தாலிக்குப் போய் வரேன்னா என்ற ஏரிக்கரை ஊரில் பாடம் நடத்தினார். உடம்பு சரியில்லை. சாப்பாடு இறங்கவில்லை. காரணம் யாருக்கும் புரியவில்லை. அந்த நேரத்தில் பீசா பல்கலைக்கழகத்திடம் கொஞ்சம் பணம் இருந்தது. துகள் முடுக்கிக்காகச் சேர்த்த பணம். முடுக்கியோ வேறு ஊருக்குப் போய்விட்டது. இதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டவர்களிடம், ஒரு கம்ப்யூட்டர் கட்டுங்கள் என்று ஆலோசனை சொல்லி, ஆகஸ்டில் பல்கலைக்கழகத் தலைவருக்குக் கடிதமும் எழுதினார். தன்னைச் சேர்த்துக்கொண்ட ஊருக்கு அவர் கொடுத்துவிட்டுப் போன கடைசிச் சீதனம் அது. அந்தக் கம்ப்யூட்டர் 1961-ல் திறக்கப்பட்டது.

சிகாகோ திரும்பியதும் அறுவை சிகிச்சை. வயிற்றில் புற்றுநோய். பரவிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது. மருத்துவமனைக் கட்டிலில், குழாய் வழியே சொட்டும் திரவத்தை ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணி, நிமிடத்துக்கு எவ்வளவு போகிறது என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார்.

சந்திரசேகர் பார்க்க வந்தார். சிகாகோவில் இருவரும் இப்போது சக பேராசிரியர்கள். முந்தைய ஆண்டு, விண்மீன் மண்டலங்களின் காந்தப்புலம் பற்றி இருவரும் சேர்ந்து இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருந்தார்கள். சாகப்போகும் மனிதரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் சந்திரசேகர் தயங்கி நின்றார். ஃபெர்மியே அந்தத் தயக்கத்தை உடைத்தார். செத்த பிறகு அடுத்த பிறவியில் யானையாகப் பிறப்பேனா என்று இந்திய நண்பரிடம் விளையாட்டாகக் கேட்டார். அதன் பிறகு பேச்சு இயல்பாக வந்தது.

1954 நவம்பர் 28-ல் ஃபெர்மி இறந்தார். வயது 53.

அறிக்கை 1955 மே மாதம், அவர் இறந்து ஆறு மாதம் கழித்து, லாஸ் அலமோஸின் உள் ஆவணமாக வந்தது. 1965-ல் ஃபெர்மியின் தொகுப்பு நூலில் சேர்க்கப்பட்ட பிறகுதான் அது பரவலாகக் கைக்குக் கிடைத்தது.

பிறகு என்ன ஆனது?

அந்தப் புதிர் இரண்டு பெரிய கதவுகளைத் திறந்தது.

ஒன்று, 1965-ல் நார்மன் ஸபுஸ்கியும் மார்ட்டின் குருஸ்கலும் அந்த மணி வரிசையை வேறு கோணத்தில் பார்த்தார்கள். அதில் ஓடுவது சிதறாத தனி அலைகள். ஒன்றோடொன்று மோதினாலும் வடிவம் கெடாமல் கடந்து போகின்றன. அவற்றுக்கு சாலிட்டான் என்று பெயர் வைத்தார்கள். அவை குறிப்பிட்ட கால இடைவெளியில் தொடக்க ஒழுங்குக்கே திரும்பிச் சேர்வதால்தான் ஆற்றல் முதல் வடிவத்துக்கு மீண்டது. ஆப்டிகல் ஃபைபரில் ஒளித் துடிப்பு கலையாமல் போக வைக்கும் ஆராய்ச்சி வரை இந்த யோசனை பயணித்தது.

இரண்டு, கேயாஸ். 1954-ல், ஃபெர்மி நோய்ப்படுக்கையில் விழுந்த அதே காலத்தில், ஆந்த்ரே கொல்மகோரோவ் ஆம்ஸ்டர்டாம் கணித மாநாட்டில் ஒரு முடிவை அறிவித்தார். கோணல் சிறியதாக இருந்தால் பல அமைப்புகளில் ஒழுங்கு அழியாமல் நீடிக்கும் என்பது அதன் சாரம். 1923-ன் நிரூபணம் எங்கே அவசரப்பட்டது என்பது அப்போது தெரிந்தது. அதற்காக நிஜப் படிகங்கள் கலக்காது என்று அர்த்தமில்லை. ஆற்றலும் கோணலும் போதிய அளவு இருந்தால் கலக்கும். கலப்பது இயற்கையின் இலவசப் பரிசு இல்லை, அதற்கும் நிபந்தனை உண்டு என்பதுதான் பாடம்.

அணுக்களைக் கம்ப்யூட்டரில் ஆடவிடும் கலையும் வளர்ந்தது. 1960-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில், சுமார் 500 அணுக்கள் கொண்ட செம்புப் படிகத்தைக் கதிர்வீச்சு தாக்கினால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தார்கள். 1964-ல் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் 864 ஆர்கான் அணுக்களை வைத்து ஒரு திரவத்தையே கம்ப்யூட்டரில் உருவாக்கிக் காட்டினார். அவர் அதைச் செய்தது ஆர்கான் தேசிய ஆய்வகத்தில். அந்த ஆய்வகம் ஃபெர்மியின் போர்க்கால சிகாகோ ஆய்வுக்குழுவிலிருந்து முளைத்தது. பின்னாளில் படிகம் அழுத்தத்தில் வடிவம் மாறுவதைச் சிமுலேஷனில் பிடிக்கும் முறையையும், மிக்கேலே பாரினெல்லோவோடு சேர்ந்து, ரஹ்மான் உருவாக்கினார். உங்கள் ஃபோன் பேட்டரியைப் பற்றி யாராவது ஆராய்ச்சி செய்கிறார் என்றால், அந்த முறை அங்கே எங்காவது ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

மேரி சிங்கோ? அறிக்கையின் முகப்பில் எழுதியவர்கள் மூன்று பேர் என்றும், வேலை செய்தவர்கள் நான்கு பேர் என்றும் இருந்தது. நான்காவது பெயர் அவருடையது. ஆனால் 50 வருடத்துக்கும் மேல் உலகம் இதை மூன்று ஆண்களின் பெயராலேயே சொன்னது. 2008-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் தியெரி தோக்சுவா அவர் பங்கைப் பற்றி எழுதிய பிறகு, பல ஆய்வாளர்கள் ஃபெர்மி–பாஸ்டா–உலாம்–சிங்கோ சிக்கல் என்று நான்கு பெயரையும் சேர்த்து எழுதத் தொடங்கினார்கள். கோடு எழுதியவர் பெயர் பிரசென்டேஷனில் விடுபடுவது என்பது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை, பார்த்தீங்களா.

அடுத்த முறை உங்கள் லேப்டாப் சுடும்போது ஒரு விஷயம் நினைவுக்கு வரட்டும். அந்தச் சூடு ஏன் பரவுகிறது என்பது, தெரிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்த ஒரு கேள்வி. தெரியும் என்று முதலில் எழுதியவர்களில் ஒருவரே, முப்பது வருடம் கழித்து அதைத் திரும்ப எடுத்து 5 கிலோபைட் இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார். விடை தனக்கு எதிராக வந்தபோது இயந்திரத்தைத் திட்டவில்லை, எண்களை நம்பினார். உங்கள் டேட்டாவும் ஒரு நாள் உங்களுக்கு எதிராகப் பேசும். அன்றைக்கு என்ன செய்வீங்க என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.